கல்லில் உரித்த நார்: ஸ்லைடு அக்கா பதில்கள்

போன இதழில் ஒருவர் நான் பார்க்கும் வேலை என்ன என்று கேட்டிருந்தார். "இறந்தவர்களின் உள்காதை வெட்டி வைத்த பழைய கண்ணாடி ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன்" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு ஆசிரியர் மேஜையில் கடிதங்கள் குவிந்துவிட்டன. "இந்த முறை பக்கம் முழுக்கக் காதுக்கே" என்று சொல்லிவிட்டார். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. திசு ஆய்வகத்தில் டெக்னீசியனாக 31 ஆண்டுகள். அதில் 22 மைக்ரோடோம் (திசுவை மெல்லிய சீவலாக வெட்டும் கருவி) கத்தியோடு, மீதி ஸ்கேனரோடு. ஆய்வகத்தில் எல்லாருக்கும் ஸ்லைடு அக்கா. காது வலிக்கு மருந்து கேட்டு எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; அது என் கையில் இல்லை.

கேள்வி: எந்த நோய் என்றாலும் துளி சதையைக் கிள்ளி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுகிறார்கள். காதுக்கு மட்டும் ஏன் இறந்தவர் வரை போகிறீர்கள்? (பள்ளி ஆசிரியர் ஒருவர்)

பதில்: கிள்ளினால் கேட்பது போய்விடும் ஐயா, அதனால்தான். உள்காதில் காக்ளியா என்று ஒரு குழல், நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருண்டிருக்கும். அடியில் அகலம் சுமார் 9 மில்லிமீட்டர், உயரம் 5. உள்ளே முழுக்கத் திரவம். அந்தத் திரவத்தின் நடுவே, ஒலியை நரம்புக்குக் கடத்தும் மயிர் செல்கள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000. பிறக்கும்போது கொண்டுவந்த கையிருப்பு அவ்வளவுதான். மனிதருக்கு அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. கல்லீரலில் ஊசி செலுத்தித் துளி எடுப்பதைப் போல இங்கே எடுக்கப் போனால், நோயின் பெயரைச் சொல்வதற்குள் செவியைப் பறித்திருப்போம். சி.டி.யில் எலும்பு தெரியும், எம்.ஆர்.ஐ.யில் திரவம் தெரியும். ஒற்றைச் செல் எதிலும் தெரியாது.

சரி, இறந்த பிறகாவது சுலபமா என்றால், அதுவும் இல்லை. உள்காதைப் பொதிந்து வைத்திருக்கும் பொட்டெலும்பின் அந்தப் பகுதி உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்று. அதற்கு மருத்துவத்தில் இருக்கும் லத்தீன் பெயரே 'பாறை போன்றது' என்றுதான் பொருள்படும். அதற்குள் கேட்பு நரம்பின் நார்கள் சுமார் 30,000. கல்லில் நார் உரிப்பது என்று சொல்லுவோமே, அதைச் சம்பளத்துக்குச் செய்தவள் நான்.

எப்படி என்று சொல்கிறேன். இறந்த சில மணி நேரத்திலேயே மென்மையான செல்கள் தாமாகக் கரையத் தொடங்கிவிடும். ஆகவே கூடியமட்டும் 24 மணி நேரத்துக்குள், எவ்வளவு முன்னதாக முடியுமோ அவ்வளவு முன்னதாக, எலும்பை எடுத்து ஃபார்மலினில் போட வேண்டும். பிறகு சுண்ணாம்புச் சத்தை வெளியேற்ற இ.டி.டி.ஏ. கரைசல். வாரத்துக்கு வாரம் கரைசலை மாற்றி, எலும்பு மெத்தென்று ஆகும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்பது மாதம் ஆகிவிடும், பிரசவக் கணக்குதான். சுண்ணாம்பு முழுக்கப் போய்விட்டதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். அவசரப்பட்டு எடுத்தால் கத்தி பல்லிளித்துவிடும். அதன்பின் ஆல்கஹாலில் படிப்படியாக நீரிறக்கி, செல்லாய்டின் என்ற பிசினில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் கட்டியாக்க வேண்டும். மற்றத் திசுக்களுக்கு மெழுகு போதும். இங்கே கெட்டி எலும்பும் இரண்டே செல் கனமுள்ள சவ்வும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், இரண்டையும் ஒருசேரத் தாங்கிப்பிடிக்கும் பிசின் வேண்டும்.

பிறகு வெட்டு. ஒரு சீவல் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. ஓர் எலும்புக்கு 400, 500 சீவல்கள் வரும். ஒவ்வொன்றையும் எண் எழுதிய தாளோடு எடுத்து அடுக்க வேண்டும். பத்துக்கு ஒன்றை மட்டும் ஹெமடாக்சிலின், ஈயோசின் சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டுவோம். மிச்சம் 80 சதவீத ஆல்கஹாலில் ஜாடிக்குள் காத்திருக்கும். ஒரு காது ஸ்லைடாக மாற ஓராண்டுக்கு மேல். இப்படித் தயாராகும் ஒன்று கைதவறிக் கீழே விழுந்தால் இன்னொன்று கிடையாது. ஸ்கேனர் எதற்கு என்று இனி நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

கேள்வி: மென்பொருள் துறையில் இருக்கிறேன். ஒரு ஸ்லைடு எத்தனை ஜி.பி. வரும்? செயற்கை நுண்ணறிவை விட்டு மயிர் செல்களை எண்ணச் சொல்லிவிட்டால் வேலை முடிந்ததுதானே அக்கா?

பதில்: கணக்கு நீங்களே போடலாம் தம்பி. கணக்குக்காக 20 மில்லிமீட்டருக்கு 20 மில்லிமீட்டர் திசு என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மடங்கு லென்ஸில் ஒரு புள்ளிக்குக் கால் மைக்ரான். பக்கத்துக்கு 80,000 புள்ளிகள், மொத்தம் 640 கோடி. புள்ளிக்கு மூன்று பைட் என்றால் சுருக்காமல் 19 ஜி.பி. சுருக்கினால் ஒன்றிரண்டு ஜி.பி.க்குள் அடங்கும். 20 மடங்கு லென்ஸ் என்றால் இதில் நான்கில் ஒரு பங்கு. கோப்பு பெரிது என்று பயப்பட வேண்டியதில்லை. படத்தைச் சின்னச் சின்ன ஓடுகளாகப் பிரித்து, சிறிய அளவு, நடு அளவு, பெரிய அளவு என்று கோபுரம்போல அடுக்கி வைப்பார்கள். செல்போனில் வரைபடம் பார்க்கும்போது நீங்கள் நிற்கும் தெரு மட்டும் வந்து விழுகிறதே, அதே ஏற்பாடு.

என் தலைவலி நீளம் அகலத்தில் இல்லை, ஆழத்தில். மெழுகில் வெட்டும் சாதாரணத் திசு 4, 5 மைக்ரான் கனம். எங்களுடையது 20. நல்ல 20 மடங்கு லென்ஸ் ஒரே நேரத்தில் தெளிவாகக் காட்டுவது ஏறத்தாழ 1 மைக்ரான் ஆழத்தைத்தான். மைக்ராஸ்கோப்பில் நாம் பார்க்கும்போது விரல் சும்மா இருக்காது. ஃபோகஸ் திருகை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருப்போம். கிணற்றில் வாளி இறக்குவதுபோல. ஸ்கேனர் ஒரே ஆழத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு "முடிந்தது" என்று மணி அடிக்கும். மயிர் செல்லின் உட்கரு அதற்கு மேலேயோ கீழேயோ இருந்தால் மங்கலாக விழும். செல் இருக்கிறதா, செத்துவிட்டதா? படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே பல அடுக்கு ஆழத்தில் எடுக்க வேண்டும். ஐந்து அடுக்கு எடுத்தால் கோப்பும் ஐந்து மடங்கு.

எண்ணும் வேலைக்கு உங்கள் நிரல் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. காக்ளியாவின் எல்லைக்கோட்டைத் தேடுவது, 45 ஸ்லைடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி முப்பரிமாணம் ஆக்குவது இதிலெல்லாம் அது என்னை மிஞ்சிவிடும். ஆனால் செல் இல்லாத இடம் நோயால் காலியானதா, இறந்தபின் கரைந்ததா என்பதை அதற்கு யார் சொல்லிக்கொடுப்பது? அனுபவப்பட்ட நாலு பேர் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான இடங்களில் குறி போட வேண்டும். அந்த நாலு பேரும் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். நான் பார்த்தவரையில் ஸ்கேன் செய்வதைவிட அதுதான் கஷ்டம்.

கேள்வி: எங்கள் காது மூக்கு தொண்டைத் துறையில் ஓர் இரும்பு அலமாரி நிறையப் பழைய பொட்டெலும்பு ஸ்லைடுகள் கிடக்கின்றன. மாணவர்களிடம் சொல்லி, மைக்ராஸ்கோப்பில் செல்போனை வைத்துப் படமெடுத்துவிடலாமா? (உதவிப் பேராசிரியர்)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்து வந்துவிடலாமா என்றிருந்தது. நிதானமாகச் சொல்கிறேன்.

ஸ்லைடை அப்புறம் எடுங்கள். முதலில் நோட்டைத் தேடுங்கள். அந்த அலமாரியிலோ, பக்கத்து அறைப் பரணிலோ, ஓய்வு பெற்றவர் யார் வீட்டிலோ ஒரு பதிவேடு இருக்கும். எண்ணுக்கு எதிரே வயது, நோய், வலதா இடதா, இறந்து எத்தனை மணி நேரத்தில் எடுத்தது, என்ன மருந்து சாப்பிட்டார். அதிர்ஷ்டம் இருந்தால் உயிரோடிருந்தபோது எடுத்த ஆடியோகிராம் (கேட்புச் சோதனை வரைபடம்) ஒட்டியிருக்கும். ஆடியோகிராம் இருக்கும் காதுக்கு ஆராய்ச்சியாளர் நாடு கடந்தும் வருவார். இல்லாத காது பாடம் நடத்த ஆகும். பதிவேட்டைப் பக்கம் பக்கமாக முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். பென்சில் எழுத்து கண்ணாடியைவிடச் சீக்கிரம் மறையும்.

செல்போனை ஒதுக்கிவிடாதீர்கள், அதற்கும் வேலை உண்டு. ஒவ்வொரு ஸ்லைடையும் வெள்ளைத் தாள்மேல் வைத்து, லேபிள் தெரிய ஒரு படம் எடுங்கள். எது உடைந்தது, எதில் மூடிக்கண்ணாடி தூக்கிக்கொண்டிருக்கிறது, எந்த எண் காணவில்லை, எல்லாம் ஒரு வாரத்தில் கணக்குக்கு வந்துவிடும். லென்ஸ் வழியாகச் செல்போனில் எடுக்கும் படம் மட்டும் ஆவணமாகாது. அளவுகோல் இருக்காது, வரிசை இருக்காது, எடுத்தவர் அழகு என்று நினைத்த மூலை மட்டும் இருக்கும்.

அடுத்து சுத்தம். ஆல்கஹால் தொட்ட மென்துணி போதும். பிசுக்கு போகவில்லையே என்று சைலீனைத் தொட்டுவிடாதீர்கள். மூடிக்கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசையை அது கரைத்துவிடும். பழைய ஸ்லைடுகளில் அந்தக் காலத்துப் பேராசிரியர்கள் மசியால் புள்ளி வைத்திருப்பார்கள். "இங்கே பார்" என்று பொருள். துடைப்பதா வேண்டாமா என்று எங்கள் ஆய்வகத்தில் பெரிய சண்டையே நடந்தது. இப்போது புள்ளியோடு ஒரு முறை ஸ்கேன், துடைத்துவிட்டு இன்னொரு முறை. அந்தப் புள்ளியும் ஒருவர் பார்த்த பார்வைதானே.

ஸ்கேனர் வாங்கப் போகிறீர்கள் என்றால் தட்டை அளந்துவிட்டுப் போங்கள். வழக்கமான ஸ்லைடு 75க்கு 25 மில்லிமீட்டர். பொட்டெலும்புச் சீவல் அதில் அடங்காது என்பதால் அகலக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். எல்லா இயந்திரத்திலும் அது நுழையாது. தடித்த லேபிள், விளிம்பில் வழிந்து உறைந்த பசை, இவையெல்லாம் தானியங்கிக் கையில் சிக்கிக்கொள்ளும். நான் ஒரு நேரத்தில் நான்கு ஸ்லைடுக்கு மேல் வைப்பதில்லை. நானூறு வைக்கும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு நான்கு வைக்கிறாளே என்று சிரித்தவர்கள் உண்டு. இதுவரை என் கையில் ஒன்றும் உடையவில்லை.

உடைக்கவில்லையே தவிர, வேறொரு தவறு செய்தேன். ஆரம்பத்தில் சேமிப்பு வட்டு குறைவு. "காதில் முக்கியம் காக்ளியா" என்று நானே முடிவு கட்டி, முதல் அறுபது காதுகளில் காக்ளியாவைச் சுற்றி மட்டும் பெட்டி வரைந்து ஸ்கேன் செய்தேன். இரண்டு ஆண்டு கழித்து ஒரு ஆராய்ச்சிக் குழு உள்நிணநீர்ப் பை (உள்காதுத் திரவங்களில் ஒன்றான உள்நிணநீரோடு தொடர்புள்ள சிறு பை) வேண்டும் என்று கேட்டது. அது எலும்பின் பின்விளிம்பில், நான் வெட்டி ஒதுக்கிய இடத்தில் இருப்பது. அறுபதையும் மறுபடி எடுத்தேன். அதற்குள் சில ஸ்லைடுகளில் பசை சுருங்கி அந்த விளிம்பிலேயே காற்றுக்குமிழி ஏறிவிட்டது. எது முக்கியம் என்று தீர்மானிக்க நான் யார்? அதிலிருந்து கண்ணாடி ஓரத்திலிருந்து ஓரம்வரை எடுக்கிறேன். "திசு இருக்கும் இடத்தைத் தானாகக் கண்டுபிடி" என்ற பொத்தானையும் நம்புவதில்லை. சாயம் வெளுத்த சவ்வு அதன் கண்ணுக்குத் திசுவாகவே படாது. மூடிக்கண்ணாடிமேல் ஒரு தூசி இருந்தால் அதில் போய் ஃபோகஸ் பிடித்துக்கொள்ளும்.

கோப்பின் பெயரை ஸ்கேனர் வைக்க விடாதீர்கள். தட்டில் இருந்த இடத்தை வைத்துப் பெயரிடும். இரண்டு ஸ்லைடு இடம் மாறினால் போச்சு. 1921இல் ஸ்டேசி கில்ட் என்பவர், தொடர் சீவல்களை வைத்தே சுருண்ட காக்ளியாவை விரித்து நீட்டி, எந்த இடத்தில் என்ன சேதம் என்று வரைபடம் போடும் முறையைச் சொன்னார். இன்றும் அடிப்படை அதுதான். 241க்கு அடுத்து 251 வராமல் 261 வந்தால், கீழ்ச்சுருதி கேட்கும் இடத்தின் சேதம் வேறு சுருதியில் போய் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: பீத்தோவனின் காது எலும்பு எங்கேயாவது ஸ்லைடாக இருக்கிறதா?

பதில்: இருந்திருந்தால் என் ஸ்கேனருக்கு முன்னால் உலகமே வரிசையில் நின்றிருக்கும். 1827இல் வியன்னாவில் அவர் இறந்த மறுநாள் பிரேதப் பரிசோதனை நடந்தது. பொட்டெலும்புகளைத் தனியாக எடுத்துப் பாதுகாத்தும் வைத்தார்கள். பிறகு தொலைந்துவிட்டன. ஏன் செவிடானார் என்று இன்றுவரை வாதம் ஓயவில்லை.

கேள்வி: பட்டமேற்படிப்பு மாணவி. திரையில் ஸ்லைடு பார்த்தே பழகிவிட்டோம், மைக்ராஸ்கோப் தொட்டதே இல்லை. இது குறையா?

பதில்: குறை என்று சொல்லமாட்டேன் அம்மா. 1791இல் போலோனியாவில் கார்லோ மொன்டினி என்பவர், பிறவியிலேயே செவிடான ஓர் எட்டு வயதுப் பையனின் காதை அறுத்துப் பார்த்து, காக்ளியாவின் சுற்று முழுமை பெறாததை எழுதிவைத்தார். அப்படிப்பட்ட காது ஒன்று ஒரு தொகுப்பில் இருந்தால், முன்பெல்லாம் அதைப் பார்க்க அந்த அறைக்கே போக வேண்டும். ஒரு ஸ்லைடு, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஜோடிக் கண். தபாலில் அனுப்பி உடைந்து வந்த ஸ்லைடை நான் ஒட்டியிருக்கிறேன். இப்போது நீங்களும் இன்னும் இருநூறு பேரும் ஒரே நேரத்தில் ஒரே செல்லைப் பார்க்கலாம், ஆசிரியர் அம்புக்குறி போட்டுக் காட்டலாம்.

என் மனக்குறை வேறு. பாடத்துக்கென்று ஏற்றும்போது எல்லாரும் "அழகான ஸ்லைடு" ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காக்ளியாவின் நடுத்தண்டு சரியாக நடுவில் வெட்டுப்பட்ட ஸ்லைடு, சாயம் பளிச்சென்று. அதையே பார்த்துப் பழகியவருக்குக் கிழிந்த சவ்வைக் கண்டதும் "நோய்" என்று தோன்றும். என் கத்தி கிழித்ததாகவும் இருக்கலாமே! முன்பின் சீவல்களில் அதே கிழிசல் தொடர்கிறதா, கிழிந்த ஓரம் சுருண்டிருக்கிறதா, இறந்து எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தது என்று பார்த்தால்தான் பிடிபடும். எனவே உங்கள் துறையில் கேளுங்கள்: ஒரு காதின் முழு வரிசையையும் ஏற்றச் சொல்லுங்கள், மோசமானவையும் சேர்த்து. பல அடுக்கில் எடுத்த ஸ்லைடு ஒன்றிரண்டாவது கேளுங்கள், சுட்டியின் சக்கரத்தை உருட்டி ஆழம் போய்ப் பழகலாம்.

அறுவை சிகிச்சைக்குத் துளையிட்டுப் பழகுவது தனிக் கலை. அதற்கு எங்கள் சாயமேற்றிய ஸ்லைடு உதவாது. உறைய வைத்த ஒரு மனிதப் பொட்டெலும்பைச் சீவிச் சீவிப் படமெடுத்து, டென்மார்க்கில் 'விசிபிள் இயர் சிமுலேட்டர்' என்று இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரிலேயே எலும்பைக் குடையலாம். முக நரம்பை அதில் எத்தனை முறை வெட்டினாலும் யாருக்கும் வாய் கோணாது.

கேள்வி: என் அப்பாவுக்கு வயதான காலத்தில் காது சுத்தமாகக் கேட்காமல் போனது. இறந்தபின் காது எலும்பை ஆராய்ச்சிக்குக் கொடுத்தோம். இப்போது எல்லாவற்றையும் இணையத்தில் போடுகிறார்கள் என்கிறார்கள். அப்பாவின் பெயர் வெளியே வருமா? அவர் முகத்தைக் கூட நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை, ஏதாவது சிதைத்திருப்பார்களோ என்று பயம்.

பதில்: முகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எலும்பை மண்டையோட்டின் உட்புறத் தளத்திலிருந்து, உள்வழியாகத்தான் எடுப்பார்கள். வெளிக்காது, கன்னம், முகம் எதையும் தொடுவதில்லை. பார்ப்பவர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

பெயர் விஷயத்தில் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. முறையான தொகுப்பில் பெயர் தனிப் பதிவேட்டில் பூட்டப்பட்டிருக்கும், வெளியே போவது எண் மட்டும்தான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஸ்கேனர் திசுவை மட்டும் படமெடுப்பதில்லை. ஸ்லைடின் லேபிளையும் ஒரு சிறு படமாக எடுத்து அதே கோப்புக்குள் ஒளித்துவைக்கும். பழைய லேபிள்களில் பெயரே எழுதியிருக்கும். படத்தைத் திறந்தால் கண்ணில் படாது. தெரிந்தவர் தேடினால் கிடைத்துவிடும். வெளியே அனுப்பும் முன் அந்தச் சிறு படத்தைக் கோப்பிலிருந்து நீக்குவது என் முதல் வேலை. பெயர் இல்லாமலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பதையும் மறைக்கமாட்டேன். அபூர்வமான நோய், வயது, இறந்த ஆண்டு மூன்றையும் ஒன்றாகப் போட்டால் ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட காதுகளில் ஆண்டை எடுத்துவிடுவோம், வயதைப் பத்தாண்டு வரம்பாக்குவோம். தலை முழுக்க எடுத்த சி.டி. உடன் இருந்தால் அதைப் பொதுவில் வைக்கவே கூடாது. அதிலிருந்து முகத்தை உருவாக்கிவிடலாம்.

அப்பாவின் எலும்பை வைத்திருக்கும் இடத்துக்கு நீங்கள் எழுதிக் கேட்கலாம்: நாங்கள் கையெழுத்திட்ட ஒப்புதலில் படங்களைப் பகிர்வது அடங்குமா, மரபணுச் சோதனை அடங்குமா என்று. கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அவருடைய பழைய கேட்புச் சோதனைத் தாள்கள் வீட்டில் எங்காவது இருந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள். அதைவிடப் பெரிய உதவி எங்களுக்கு இல்லை.

கேள்வி: மரபணுக் காலத்தில் எழுபது, எண்பது ஆண்டுப் பழைய கண்ணாடியைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? (பெயர் வேண்டாம்)

பதில்: கோபமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று சங்கதி சொல்கிறேன்.

தலைசுற்றல், காது இரைச்சல், கேட்புக் குறைவு மூன்றும் சேர்ந்து வரும் நோயை பிராஸ்பர் மெனியர் 1861இல் எழுதினார். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1938இல் லண்டனில் ஹால்பைக்கும் கெய்ர்ன்ஸும், அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்த இரண்டு நோயாளிகளின் காதுகளை வெட்டிப் பார்த்தார்கள். உள்நிணநீர் பெருகி, அந்த இரண்டு செல் கனச் சவ்வு பலூன்போல உப்பியிருந்தது. அதே ஆண்டு ஜப்பானில் யமகாவாவும் தனியாக அதையே கண்டார். ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து, 2007இல், உயிரோடிருப்பவரின் எம்.ஆர்.ஐ.யில் அந்த வீக்கத்தைக் காட்டினார்கள். எதைத் தேடுவது என்று அந்தக் கண்ணாடி சொல்லியிருந்ததால்தான் தேட முடிந்தது.

இரண்டாவது, உங்கள் மரபணுவே. சில குடும்பங்களில் பரம்பரையாகக் கேட்புக் குறைவும் தள்ளாட்டமும் வரும். அவர்களின் காது ஸ்லைடுகளில் நரம்பு செல்லும் வழிகளில் இளஞ்சிவப்பாக ஏதோ படிந்திருப்பதை 1990களின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டார்கள். காரணமான 'கோச்' மரபணு பிடிபட்டது 1998இல். முதலில் ஸ்லைடு, பிறகுதான் மரபணு.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பாஸ்டனில் ஹரால்டு ஷுக்னெக்ட் என்று ஒரு மேதை. முதுமையில் காது மந்தமாவதை வகை பிரித்தவர் அவர்தான். உள்காதுக்கு மின்சக்தி கொடுக்கும் ஒரு திசுப்பட்டை சுருங்குவதும் பெரிய காரணம் என்று அவர் சொன்னதைப் பாடப்புத்தகங்கள் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தன. 2020இல் அவர் பணியாற்றிய அதே மாசாசூசெட்ஸ் கண்–காது மருத்துவமனைக்காரர்கள் 120 காதுகளை இன்னும் கூர்மையான லென்ஸில், இன்னும் பொறுமையாக எண்ணிப் பார்த்தார்கள். ஆடியோகிராமோடு ஒப்பிட்டால் கேட்புக் குறைவை விளக்கியது மயிர் செல்களின் அழிவுதான். பட்டையின் பங்கு சொற்பம். மருந்து கண்டுபிடிக்க முயல்பவர்களுக்கு இது திசை மாற்றம். குருவின் கூற்றைத் திருத்துவதற்குக் குருவின் வீட்டு அலமாரியே உதவியது. அவர் ஸ்லைடுகளைப் பாதுகாத்து வைத்திருக்காவிட்டால் அவர் சொன்னதை யாரும் திருத்தியிருக்க முடியாது.

கேள்வி: அப்படியென்றால் ஸ்கேன் செய்து முடித்ததும் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடலாம்தானே? இடம் மிச்சமாகும்.

பதில்: கூடவே கூடாது. நான் எடுப்பது இன்றைய லென்ஸில் இன்றைய படம். மேலே சொன்ன 120 காதுகளையும் யாராவது முன்கூட்டியே மங்கலாகப் படமெடுத்துவிட்டு உடைத்திருந்தால் 2020இல் எண்ணுவதற்கு என்ன இருந்திருக்கும்? அதுவுமன்றி, சாயமேற்றாத பத்தில் ஒன்பது பங்குச் சீவல்களை நான் இன்னும் தொடவே இல்லை. செல்லாய்டினைக் கரைத்து நீக்கிவிட்டுப் புரதங்களைத் தேடும் சாயங்களை அவற்றில் ஏற்ற முடிகிறது, பழைய சீவல்களிலிருந்து டி.என்.ஏ. கூட எடுத்திருக்கிறார்கள். படத்திலிருந்து அதை எடுக்க முடியாது.

அந்த ஜாடிகளில் ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சீவல் ஒரு முறை காய்ந்தால் சுருண்டு போகும், நிமிராது. காய்ந்த செல்லாய்டின் தீயையும் சீக்கிரம் பிடிக்கும். மாதம் ஒரு நாள் மூடியைத் திறந்து அளவு பார்த்து ஊற்ற வேண்டும். இன்று அந்த நாள். 118ஆம் ஜாடிவரை முடித்திருக்கிறேன், மிச்சக் கடிதங்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.